கொலையாளியின் ஏட்டைப் படிக்கும் முறை: மௌட்ஹவுசன் நினைவகக் காப்பகம் கற்பிக்கும் பாடம்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

ஆஸ்திரியாவில் டான்யூப் நதிக்கரைக்கு மேலே, ஒரு குன்றின் மீது மௌட்ஹவுசன் வதைமுகாம் இருந்தது. அம்முகாமின் இறப்பேட்டில் 1945 மார்ச் 19ஆம் நாளுக்குரிய பக்கங்கள் நூரம்பர்க் நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்பட்டன. அன்று அதிகாலை 1.15 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 203 பேர் இறந்ததாக அந்த ஏடு கூறுகிறது. அனைவருக்கும் காரணம் ஒன்றே: இதயக் கோளாறு. நான்கு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்துள்ளனர். முதலில் இறந்தவர் பெயர் ஆக்கர்மன். இறுதியில் இறந்தவர் பெயர் சிங்கர். ஜெர்மன் எழுத்தில் அது அகரவரிசையின் கடைசி எழுத்தில் தொடங்குவது. இடையில் உள்ள பெயர்கள் யாவும் அதே வரிசையில் அமைந்துள்ளன. பிற்பகல் 2.20க்கு மீண்டும் முதல் எழுத்திலிருந்து தொடங்கி, 4.30 மணிக்குள் மேலும் 75 பேர் அதே நோயால், அதே ஒழுங்கில் இறந்துள்ளனர்.

மரணத்துக்கு அகரவரிசை தெரியாது, அலுவலகத்துக்குத் தெரியும். அமெரிக்க அரசுத்தரப்பு வழக்குரைஞர் தாமஸ் டாட் 1945 டிசம்பரில் இந்த ஏட்டை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தபோது, கூடுதல் விளக்கம் ஏதும் தேவைப்படவில்லை. கொலையை மறைக்க எழுதப்பட்ட தாளே கொலையைக் காட்டிக்கொடுத்தது.

இன்றைய உரையின் பொருள் இதுதான். நாஜி முகாம்களைப் பற்றி ஆராய்பவர், நினைவகக் காப்பகங்களில் உள்ள தாள்களை எவ்வாறு அணுக வேண்டும்? அத்தாள்களை எழுதியவர் யார், காத்தவர் யார், அவற்றில் இடம்பெறாமல் போனவர் யார்? பாசிசத்தின் முதற்குறி தொழிலாளி வர்க்கத்தின் அமைப்புகளே என்பதை அறிந்த இயக்கத்துக்கு இக்கேள்விகள் வெறும் வரலாற்று ஆர்வம் சார்ந்தவை அல்ல.

‘பாதுகாப்பு’ என்ற பெயரில்

1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பிறப்பிக்கப்பட்ட அவசர ஆணை, தனிமனித உரிமைகளை ஒரே வீச்சில் நிறுத்திவைத்தது. நீதிமன்றத்தின் முன் நிறுத்தாமல், காலவரம்பு கூறாமல், எவரையும் சிறைவைக்கும் அதிகாரத்துக்கு ‘பாதுகாப்புக் காவல்’ என்று பெயர் சூட்டப்பட்டது. மார்ச் 22 அன்று மூனிச் அருகே, கைவிடப்பட்ட வெடிமருந்து ஆலை ஒன்றில் டாஹாவ் முகாம் திறக்கப்பட்டது. அங்கு அடைக்கப்படவிருப்போர் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியினரும் அவர்களது அமைப்புகளைச் சேர்ந்தோருமே என்பது நாளேடுகளில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. ஒளிவுமறைவு அப்போது தேவைப்படவில்லை. அச்சுறுத்தலே நோக்கமாக இருந்தது.

1938 மார்ச்சில் ஆஸ்திரியா இணைத்துக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று டாஹாவிலிருந்து முதல் கைதிகள் மௌட்ஹவுசனுக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் அங்கிருந்த கருங்கல் குவாரி. 1941இல் முகாம்கள் தரம் பிரிக்கப்பட்டபோது, மௌட்ஹவுசனும் அதன் கிளையான கூசனும் மிகக் கடுமையான மூன்றாம் பிரிவில் வைக்கப்பட்டன. குவாரியிலிருந்து மேலே ஏறும் 186 படிகளில் கற்களைச் சுமந்து ஏறியவர்களில் பலர் திரும்பவில்லை. 1945 மே 5 அன்று அமெரிக்கப் படைகள் வந்து சேரும்வரை, முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 1,90,000 பேர். அவர்களில் குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தனர்.

எழுதியவர், காத்தவர்

ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைக்கும் முகாமுக்கு அலுவலகம் வேண்டும். வருகைப் பதிவேடு, எண் வரிசை, தொழில்வாரி அட்டை, மருத்துவமனைப் பட்டியல், இறப்பேடு, இயற்கைக்கு மாறான மரணங்களுக்கெனத் தனி ஏடு என நாள்தோறும் தாள்கள் குவிந்தன. எஸ்.எஸ். படையினர் கட்டளையிட்டனர், எழுதும் வேலையை மொழியும் கையெழுத்தும் வாய்த்த கைதிகளே செய்தனர். எனவே ஒவ்வொரு தாளிலும் இரு கரங்கள் உள்ளன. ஆணையிட்டது ஒன்று, எழுதியது மற்றொன்று.

1945 ஏப்ரலில் தோல்வி உறுதியானபோது, முகாம் நிர்வாகம் தன் ஏடுகளை எரிக்கத் தொடங்கியது. எஸ்.எஸ். தலைமை மருத்துவரின் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த ஆஸ்திரியக் கைதி எர்ன்ஸ்ட் மார்ட்டின், தீயிலிட வேண்டிய இறப்பேடுகளை மறைத்துவைத்தார். பிடிபட்டிருந்தால் அவர் பெயரும் அதே ஏட்டில் ஏறியிருக்கும். விடுதலைக்குப் பின் அவை அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. 1946இல் டாஹாவில் நடைபெற்ற மௌட்ஹவுசன் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 61 பேருக்கு எதிராக அவையும் பேசின.

வியன்னாவில் செக் தொழிலாளர் குடும்பத்தில் 1914இல் பிறந்தவர் ஹான்ஸ் மார்ஷாலெக். அச்சுக்கோப்புத் தொழிலாளி, கம்யூனிஸ்ட் எதிர்ப்பியக்கத்தில் பணியாற்றி 1941இல் கைதானவர். 1942 முதல் மௌட்ஹவுசனில் அடைக்கப்பட்டு, முகாம் எழுத்தகத்தில் வேலை செய்தார். அதே எழுத்தகம் இரகசிய எதிர்ப்புக் குழுவின் கண்ணும் காதுமாக விளங்கியது. போருக்குப் பின் முகாமின் ஆவணங்களைத் திரட்டி, நினைவகத்தின் காப்பகத்தையும் 1970இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தையும் உருவாக்கியவர் அவரே. முகாமின் முழுமையான முதல் வரலாற்றை 1974இல் அவர் வெளியிட்டார். கைதியாக எழுத நேர்ந்த ஏட்டை, விடுதலை பெற்ற மனிதராக அமர்ந்து அவர் மீண்டும் படித்தார் எனலாம்.

ஒரு தாளைப் படிக்கும் முறை

காப்பகத்துக்குள் செல்பவர் முதலில் கைவிட வேண்டியது, அச்சிட்ட படிவம் உண்மை பேசும் என்ற நம்பிக்கை. ஒவ்வொரு தாளிடமும் நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். யார் எழுதச் சொன்னார்? யார் படிப்பதற்காக? எழுதுவதால் அலுவலகத்துக்கு என்ன பயன்? இத்தாளை மறுக்கவோ உறுதிப்படுத்தவோ வேறு எந்தத் தாள் உள்ளது?

எடுத்துக்காட்டாக, நோயுற்ற கைதிகள் ‘உடல்நலம் தேற்றும் இல்லத்துக்கு’ மாற்றப்பட்டனர் என்ற குறிப்பு பட்டியல்களில் காணப்படுகிறது. உண்மையில் அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடம் லின்ஸ் நகருக்கு அருகிலிருந்த ஹார்ட்ஹைம் கோட்டை. மனவளர்ச்சி குன்றியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் நச்சுவாயுவால் கொல்ல அமைக்கப்பட்ட கூடம் அது. தனியொரு பட்டியலைப் படிப்பவர் நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைத்தது என்றே எண்ணுவார். சென்றவர் எவரும் திரும்பவில்லை என்பதைப் பிற ஏடுகளோடு ஒப்பிடுபவரே காண்பார்.

அதேபோல் ‘தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்’ என்ற தொடர். காவல் எல்லைக்கு வெளியே விரட்டப்பட்டுச் சுடப்பட்டவர்களுக்கும் இதே தொடர்தான் எழுதப்பட்டது. ஒருவர் உண்மையிலேயே தப்ப முயன்றாரா என்பதை அத்தொடரை வைத்து மட்டும் முடிவு செய்ய இயலாது.

எண்களும் ஏமாற்றும். மௌட்ஹவுசனில் தொடக்க ஆண்டுகளில் இறந்தவரின் எண் புதிதாக வந்தவருக்கு மீண்டும் வழங்கப்பட்டது. ஒரே எண்ணின் பின்னால் இரு மனிதர்கள், சில வேளை அதற்கும் மேற்பட்டோர் இருக்கக்கூடும். ஆகவே எண்ணோடு பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர் ஆகியவற்றையும் சேர்த்தே தேட வேண்டும். பெயரும் நிலையானதன்று. போலிஷ், ரஷ்யன், ஸ்பானிஷ் பெயர்களை ஜெர்மன் காதால் கேட்டு எழுதினர். ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரில் உள்ள பன்னாட்டுக் காப்பகத்தில் பெயர் அட்டைகள் ஒலியின் அடிப்படையில் அடுக்கப்பட்டமைக்கு இதுவே காரணம். ஆப்ரமோவிச் என்ற ஒரே பெயர் 800க்கும் மேற்பட்ட எழுத்து வடிவங்களில் அங்கே காணப்படுகிறது.

அரோல்சன் காப்பகத்தின் வரலாறும் கவனத்துக்குரியது. ஏறத்தாழ 3 கோடி ஆவணங்களும், 1 கோடியே 75 லட்சம் மனிதர்களைப் பற்றிய தகவல்களும் அங்குள்ளன. ஆயினும் போர் முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், 2007இல்தான் அது ஆய்வாளர்களுக்கு முழுமையாகத் திறக்கப்பட்டது. 2013இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2019 முதல் பெருமளவு ஆவணங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. அதுவரை காத்திருக்க முடியாமல் எத்தனை தாய்மாரும் மனைவியரும் மறைந்தனர் என்பதற்கு ஏடு எதுவும் இல்லை.

ஏட்டில் இல்லாதவர்கள்

பதிவேட்டின் பொய்யைவிடப் பெரியது அதன் மௌனம். 1944 மார்ச்சில் பிறப்பிக்கப்பட்ட இரகசிய ஆணையின்படி, தப்பிப் பிடிபட்ட போர்க்கைதி அதிகாரிகள் மௌட்ஹவுசனுக்கு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் சோவியத் செஞ்சேனையினர். வழமையான பதிவேட்டில் அவர்களுக்குப் பெயரில்லை, எண்ணில்லை. 20ஆம் எண் கொட்டடியில் அடைக்கப்பட்டுப் பட்டினியாலும் அடியாலும் குளிராலும் கொல்லப்பட்டனர்.

1945 பிப்ரவரி 2 அதிகாலையில் அக்கொட்டடியின் கைதிகள் சுமார் 500 பேர் கிளர்ந்தெழுந்தனர். தளக்கற்களும் தீயணைப்புக் கருவிகளுமே ஆயுதம். ஈரக் கம்பளிகளை மின்வேலி மீது வீசி மதிலைத் தாண்டினர். 400க்கும் மேற்பட்டோர் முகாமுக்கு வெளியே வந்தனர். எஸ்.எஸ். படையும் காவல்துறையும் உள்ளூர் நாஜிகளும் பொதுமக்களில் ஒரு பகுதியினரும் பனிவெளியில் அவர்களை வேட்டையாடினர். கொலையாளிகள் அதற்கு ‘முயல் வேட்டை’ என்றே பெயரிட்டனர். உயிர்பிழைத்ததாக அறியப்பட்டோர் 11 பேர் மட்டுமே. அவர்களில் இருவரை லாங்தாலர் என்ற உழவர் குடும்பம் போர் முடியும்வரை தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தது. அக்குடும்பத்தின் பிள்ளைகள் அப்போது போர்முனையில் ஹிட்லரின் படைச்சீருடையில் இருந்தனர் என்பதையும் சேர்த்தே அவ்வீரத்தை எடைபோட வேண்டும்.

இந்த எழுச்சியை முகாமின் பதிவேட்டிலிருந்து மட்டும் எழுத முயன்றால், எழுதுவதற்கு எதுவும் இராது. பிழைத்தவர் வாய்மொழியும், ஊராரின் சாட்சியமும், பிற முகாம்களின் போர்க்கைதி அட்டைகளும் சேரும்போதே அம்மனிதர்கள் பெயர் பெறுகின்றனர்.

ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் தோழர் எர்ன்ஸ்ட் தேல்மனின் கொலையும் இவ்வகையே. 1933 மார்ச் 3இல் கைதான அவர் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தனிமைச் சிறையில், வழக்கு விசாரணையே இன்றி வைக்கப்பட்டிருந்தார். 1944 செப்டம்பரில் நாஜி நாளேடுகள், புகன்வால்ட் முகாம் மீது நேச நாட்டு விமானங்கள் ஆகஸ்டில் நடத்திய குண்டுவீச்சில் அவர் இறந்தார் என அறிவித்தன. குண்டுவீச்சு நடந்தது உண்மை. நாள் ஆகஸ்ட் 24. சமூக ஜனநாயகத் தலைவர் ருடால்ப் பிரைட்ஷைட் அதில் உயிரிழந்ததும் உண்மை. ஆனால் தேல்மன் அதற்கு ஆறு நாட்களுக்கு முன்பே, ஆகஸ்ட் 18 பின்னிரவில் எரியூட்டுக் கூடத்தின் வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டுவிட்டார். எரியூட்டுக் கூடத்தில் வேலை செய்த போலிஷ் கைதி மரியன் ஸ்கோடா மறைந்திருந்து அதனைக் கண்டார். கொலை முடிவைக் குறிக்கும் ஹிம்லரின் ஆகஸ்ட் 14 தேதியிட்ட குறிப்பும் பிற்காலத்தில் வெளிப்பட்டது. இரு உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யைச் செருகுவது பாசிசப் பரப்புரையின் வழக்கம். சாட்சியும் தாளும் ஒன்றுக்கொன்று துணைநின்றதால் அப்பொய் தகர்ந்தது.

மூலதனத்தின் கணக்கு

முகாமின் ஏடுகளில் ஒரு பகுதி இறப்பைப் பற்றியதல்ல, உழைப்பைப் பற்றியது. குவாரியை நடத்தியது எஸ்.எஸ். அமைப்பே 1938இல் தொடங்கிய நிறுவனம். போர் நீண்டபோது ஆயுத உற்பத்தி முதன்மை பெற்றது. ஸ்டைர்-டைம்லர்-புக், மெஸ்ஸர்ஷ்மிட் ஆகிய நிறுவனங்களின் உற்பத்தி கூசன் முகாமிலும், செயின்ட் ஜார்ஜன் அருகே கைதிகளைக் கொண்டே குடையப்பட்ட நிலத்தடிச் சுரங்கங்களிலும் நடைபெற்றது. கைதி ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என நிறுவனங்கள் எஸ்.எஸ். அமைப்புக்குக் கட்டணம் செலுத்தின. உழைத்தவருக்குக் கூலி இல்லை.

முகாமை வெறும் வெறியின் விளைவாக மட்டும் காட்டும் நூல்கள் உண்டு. தொழில்வாரி அட்டைகளையும் வேலைப் பிரிவுப் பட்டியல்களையும் புரட்டுபவருக்கு அவ்விளக்கம் போதாது. தச்சர், கடைசல் தொழிலாளி, மின்பணியாளர் எனத் தனித்தனியே வகைப்படுத்தி, தேவையான இடத்துக்கு அனுப்பி, உழைக்க முடியாதவரைக் கொலைக்குத் தள்ளிய நிர்வாகம் அங்கே வரிவரியாகத் தெரிகிறது. அதே வேளையில், யூத மக்களையும் ரோமா மக்களையும் அழித்தொழித்ததை இலாபக் கணக்கால் மட்டும் விளக்கிவிட இயலாது என்பதையும் அதே ஏடுகள் காட்டுகின்றன. தேர்ந்த கைவினைஞரும் இனத்தின் பெயரால் கொல்லப்பட்டனர். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறையான ஆய்வு.

ஸ்பெயின் குடியரசின் புதல்வர்கள்

பிராங்கோவிடம் தோற்றுப் பிரான்சில் அடைக்கலம் புகுந்த ஸ்பெயின் குடியரசு வீரர்களில் 7,000க்கும் மேற்பட்டோர் மௌட்ஹவுசனில் அடைக்கப்பட்டனர். பிராங்கோ அரசு அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. அரசியல் கைதிகளுக்குரிய சிவப்பு முக்கோணத்துக்கு மாறாக, நாடற்றோருக்குரிய நீல முக்கோணம் அவர்களது சட்டையில் தைக்கப்பட்டது. நிறத்தை மட்டும் பார்க்கும் ஆய்வாளர் அவர்களை அரசியல் கைதிகள் கணக்கில் சேர்க்கத் தவறுவார்.

ஒன்றுபட்ட சோசலிஸ்ட் இளைஞர் அமைப்பைச் சேர்ந்த பிரான்செஸ்க் பொய்க்ஸ், முகாமின் நிழற்படப் பிரிவில் வேலை செய்த கைதி. எஸ்.எஸ். எடுத்த படங்களின் நெகட்டிவ்களை அவரும் தோழர்களும் மறைத்தனர். வெளிவேலைக்குச் சென்ற ஸ்பானிய இளைஞர்கள் அவற்றை வெளியே கடத்தினர். மௌட்ஹவுசன் ஊரைச் சேர்ந்த அன்னா பாய்ன்ட்னர் என்ற பெண்மணி தம் தோட்டச் சுவரில் அவற்றை ஒளித்துவைத்தார். 1946 ஜனவரியில் பொய்க்ஸ் நூரம்பர்க் நீதிமன்றத்தில் அப்படங்களோடு சாட்சியம் அளித்தார். முகாமைப் பற்றி எதுவும் அறியேன் என்று மறுத்த கால்டன்புரூன்னர், முகாமில் நிற்கும் படத்தில் காணப்பட்டார்.

ஆயினும் ஸ்பெயினில் நெடுங்காலம் மௌனமே நிலவியது. இறந்தோரின் பெயர்கள் குடிமைப் பதிவேட்டில் எழுதப்பட்டு, வெளிச்சம் காணாமல் கிடந்தன. 2019 ஆகஸ்டில்தான் மௌட்ஹவுசனிலும் கூசனிலும் இறந்த 4,427 ஸ்பானியரின் பட்டியல் அந்நாட்டு அரசிதழில் வெளியானது. எண்பது ஆண்டுகளுக்கு முன் நாடற்றோர் எனக் கைவிடப்பட்டவர்கள், தாளின் மீதேனும் தாயகம் திரும்பினர்.

உண்மைக்கு மிகை வேண்டா

காப்பகம் எதிரியிடம் மட்டும் கேள்வி கேட்பதில்லை. முகாம் தளபதி பிரான்ஸ் சீரைஸ் 1945 மே மாதம் சுடப்பட்டு, சாகும் தறுவாயில் விசாரிக்கப்பட்டார். அவர் கூறியதாகப் பதிவான வாக்குமூலத்தில், ஹார்ட்ஹைமில் கொல்லப்பட்டோர் தொகை பத்து லட்சத்தை எட்டுகிறது. ஆவணங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் பின்னர் கண்ட தொகை ஏறத்தாழ 30,000. முப்பதாயிரம் மனித உயிர் என்பது எந்த மனச்சான்றையும் உலுக்கப் போதுமானது. ஆனால் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு எழுதியவர்கள், நாஜிக் கொடுமையையே மறுப்போரின் கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுத்தனர். ஓர் எண் தவறு என்று காட்டி, எல்லாமே பொய் என்று முழங்குவது மறுப்பாளர்களின் வழி. அவ்வழியை அடைப்பது துல்லியம் ஒன்றே.

மற்றொரு கடினமான உண்மையும் ஏடுகளில் உள்ளது. எழுத்தகத்தில் இருந்த கைதிகள் கொலைப் பட்டியலிலிருந்து தோழர்களின் பெயரை நீக்கிக் காத்த நிகழ்வுகள் உண்டு. பட்டியலின் தொகை குறையக்கூடாது என்றபோது, அங்கே வேறொரு பெயர் ஏறியது. இதனைக் கொண்டு எதிர்ப்பியக்கத்தைச் சேற்றில் இழுப்போரும் உள்ளனர். இதனை அறவே பேசாமல் கடப்போரும் உள்ளனர். இரு வழியும் சரியன்று. அந்த முடிவை எழுத்தரின் மீது திணித்தது யார் என்ற கேள்வியோடு, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதுவதுதான் இறந்த இருவருக்கும் செய்யும் நீதி.

விடுதலைக்கு ஒரு வாரம் முன்பு, 1945 ஏப்ரல் 28 அன்று, மேல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பாசிச எதிர்ப்பாளர்கள் 40க்கும் மேற்பட்டோர் மௌட்ஹவுசன் நச்சுவாயு அறையில் கொல்லப்பட்டனர். பலர் கம்யூனிஸ்டுகள். நாட்டை மீண்டும் கட்டியெழுப்பக்கூடியவர்கள் நேச நாடுகளின் கையில் உயிரோடு கிடைக்கக்கூடாது என்று மாகாண நாஜித் தலைவர் ஐக்ரூபர் கருதினார். போர் தோற்றுவிட்டது என்பது அவருக்குத் தெரியும். வரப்போகும் ஆட்சியின் அடித்தளத்தையே அவர் அழிக்க முனைந்தார். மௌட்ஹவுசன் வழக்கில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வழக்கும் தண்டனையும் கைதிகள் காத்த தாள்கள் இன்றி இவ்வளவு விரைவாக நிறைவேறியிருக்காது.

எஞ்சியுள்ள பெயர்கள்

தோழர்களே,

2013இல் மௌட்ஹவுசன் நினைவகத்தில் ‘பெயர்களின் அறை’ திறக்கப்பட்டது. எரியூட்டும் உலைகளுக்கு அருகே அமைந்த அவ்வறையில், இறந்தவர்களின் பெயர்கள் அவரவர் மொழிக்குரிய எழுத்திலேயே பொறிக்கப்பட்டன. திறப்பின்போது இருந்தவை 81,000க்கும் மேற்பட்ட பெயர்கள். இறந்தோர் குறைந்தது 90,000. இடையில் உள்ள ஆயிரக்கணக்கானோர் இன்னும் பெயரற்றவர்கள். காப்பகத்தில் நாள்தோறும் நடைபெறும் பணி, எளிய சொற்களில் கூறினால், அந்த இடைவெளியை ஒவ்வொரு பெயராகக் குறைப்பதே. ஒரு போர்க்கைதி அட்டையையும் ஒரு வருகைப் பட்டியலையும் அருகருகே வைத்து, பிறந்த நாளும் ஊரும் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பது. பொருந்தாவிடில் பெயரைச் சேர்க்காமல் விடுவது. சேர்ப்பதற்கு வேண்டிய பொறுமை, சேர்க்காமல் விடுவதற்கும் வேண்டும்.

அகரவரிசையில் கொன்றவர்கள், மனிதரைப் பட்டியலாக்கினால் மனிதர் மறைந்துவிடுவர் என்று எண்ணினர். எர்ன்ஸ்ட் மார்ட்டினும் பொய்க்ஸும் மார்ஷாலெக்கும் அதே பட்டியலைக் காத்து, அதிலிருந்து மனிதரை மீட்டனர். தியாகிகளைப் போற்றும் எந்த இயக்கமும், அவர்தம் பெயரையும் நாளையும் இடத்தையும் பிழையின்றிப் பதிவுசெய்து காப்பதையே முதல் அஞ்சலியாகக் கொள்ள வேண்டும். மேடையில் எழுப்பும் முழக்கம் அதன் பின்னரே வரும்.